கடலுக்குக் கீழே ஒரு குடித்தனம்

2016-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஒரு விடியற்காலையில் நாங்கள் மூவரும் ஹாலந்து தேசத்தில் போய் இறங்கினோம். ஆகாய விமானம் தரையைத் தொட்டதும், பக்கத்து ஆசனத்தில் இருந்த ஒல்லாந்தர் ஒருவர் எங்கள் பெண் கயல்விழியைப் பார்த்துப் புன்னகை செய்து, "குழந்தாய், இப்பொழுது நீ கடல் மட்டத்துக்குப் பத்தடி கீழே இருக்கிறாய், தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஏழு வயதுக் குழந்தைக்கு இதைவிடச் சந்தோஷமான செய்தி வேறு என்ன இருக்கிறது? ஜன்னலுக்கு வெளியே மீன் ஏதாவது தெரிகிறதா என்று அவள் பார்க்கத் தொடங்கினாள். நம் சகதர்மிணி சிரித்தாள். நமக்கு மட்டும் உள்ளங்கை வேர்த்தது. ஏன் வேர்த்தது என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

அந்த மனிதர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஆம்ஸ்டர்டாம் நகரத்தின் விமான நிலையமும், நாங்கள் குடியிருக்கப் போன ஹூஃப்டோர்ப் என்னும் ஊரும் ஒரு காலத்தில் பெரிய ஏரியாக இருந்த இடங்கள். ஹார்லெம் ஏரி என்று அதற்குப் பெயர். புயலடிக்கும்போதெல்லாம் அந்த ஏரி பொங்கிக் கரையை அரித்து, ஆம்ஸ்டர்டாமையும் லெய்டனையும் அச்சுறுத்திக்கொண்டிருந்ததாம். ஒல்லாந்தர் ஏரியைச் சுற்றிலும் கால்வாய் ஒன்று வெட்டிக் கரை எழுப்பினார்கள். பிறகு மூன்று இடங்களில் நீராவி இயந்திரங்களை நிறுத்தி, 1849-ல் தண்ணீரை இறைக்கத் தொடங்கி, 1852-ல் தரையைக் கண்டுவிட்டார்கள். ஏறக்குறைய 18,000 ஹெக்டேர் நிலம்!

ஏரியில் வீடு கட்டும் வித்தை நம்மவர்களுக்கும் தெரியும் அல்லவா? ஆனால் நம் ஊரில் ஏரியைத் தூர்த்து மனை போட்டால், ஐப்பசி மாதத்து அடைமழையில் ஏரி திரும்பி வந்து, "என் இடம் எங்கே?" என்று வாசலில் நிற்கும். ஹாலந்திலும் ஏரி திரும்பி வரத்தான் பார்க்கிறது. இரவும் பகலும் இயந்திரங்கள் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பதால் அதற்கு வழி கிடைப்பதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

நாங்கள் நாகப்பட்டினத்தார். எங்கள் ஊருக்கும் ஒல்லாந்தருக்கும் உறவு புதிதல்ல. 1658-ல் போர்த்துக்கீசியரிடமிருந்து நாகையைப் பறித்துக்கொண்டு, 1781-ல் ஆங்கிலேயரிடம் பறிகொடுக்கும் வரையில் அவர்கள் அங்கே கோட்டையும் கொடியுமாக வாழ்ந்தார்கள். அழையாமல் வந்த அந்த விருந்தினர்கள் வெறுங்கையோடு போகவில்லை. விட்டுவிட்டும் போகவில்லை என்று சொல்ல முடியாது. நாம் "துட்டு" என்று சொல்கிறோமே, அது அவர்களுடைய சிறு நாணயத்தின் பெயர் என்று மொழி ஆராய்ச்சியாளர்கள் கூறுகிறார்கள். அப்படி வந்தவர்களுக்குப் பதில் விஜயம் செய்யச் சுமார் இருநூற்று முப்பத்தைந்து வருஷம் கழித்து நாங்கள் புறப்பட்டோம் என்று வைத்துக்கொள்ளலாம். உண்மையில், நம் சகதர்மிணிக்கு லெய்டன் நகரத்தில் மூன்று வருஷத்துக்கு ஆராய்ச்சி உத்தியோகம் கிடைத்தது. நாம் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர். சம்பளமில்லாத விடுமுறை எழுதிக் கொடுத்துவிட்டு, சமையலுக்கும் குழந்தைக்கும் பொறுப்பாளராகக் கூடவே போனோம்.

போன மறுவாரமே ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் பேசினாள். கயல்விழி முந்திக்கொண்டு, "பாட்டி! நாங்க கடலுக்குக் கீழே இருக்கோம்!" என்று சொல்லிவிட்டாள். சற்று நேரம் அந்தப் பக்கத்திலிருந்து சப்தமே இல்லை. பிறகு அம்மா நம்மை அழைத்து, "ஏண்டா தம்பி, பட்டது போதாதா? உலகத்திலே மேடான ஊரே கிடைக்கலையா உனக்கு?" என்று கேட்டாள். அதற்கு நம்மிடம் பதில் இல்லை.

குடித்தனம் தொடங்கிற்று. ஒல்லாந்தர் மத்தியானத்தில் ரொட்டியும் பாலாடைக் கட்டியும் தின்று பசியாறிவிடுகிறார்கள், மாலை ஆறு மணிக்கு உருளைக்கிழங்கோடு ஒரு சாப்பாடு, அதோடு சரி. குழந்தைகள் காலையில் ரொட்டியில் வெண்ணெய் தடவி அதன்மேல் சாக்லேட் தூளைத் தூவித் தின்கின்றன. ஒரு மாதத்துக்குள் எங்கள் பெண் இட்டிலியின்மேலும் அதைத் தூவிக்கொண்டாள். நாம் கண்ணை மூடிக்கொண்டோம்.

ஒருவர் வீட்டுக்குப் போனால் காப்பி வரும், ஒரு தகர டப்பா திறக்கப்படும், ஆளுக்கு ஒரு பிஸ்கோத்து, டப்பா மூடப்படும். பிறந்தநாள் என்றால் பிறந்தவருக்கு மட்டுமல்ல, அவருடைய தாய், தகப்பன், பாட்டி, அத்தை எல்லோருக்கும் கை கொடுத்து வாழ்த்துச் சொல்ல வேண்டும். உற்றார் உறவினரின் பிறந்தநாட்களைக் குறித்து வைத்திருக்கும் அட்டவணையை அவர்கள் எங்கே மாட்டியிருக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? கக்கூசில்! தினம் தவறாமல் எல்லோரும் போகும் இடம் அதுதானே என்பது அவர்கள் வாதம். "கக்கூசு" என்ற சொல்லும் அவர்களிடமிருந்து நமக்கு வந்தது என்கிறார்கள். அவர்களுக்கே இப்பொழுது அது சற்று நாகரிகக் குறைவான பழைய சொல்லாகிவிட்டது. நாம் இன்னும் விடாமல் காப்பாற்றி வருகிறோம்.

அந்த நாட்டில் மனிதர்களைவிடச் சைக்கிள்கள் அதிகம். மேடு என்பதே இல்லாத தேசமாதலால் சைக்கிள் ஓட்டுவது சுலபம் என்று நினைத்தோம். காற்று என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டோம். நம் ஊரில் மேட்டில் ஏறினால் பிறகு இறக்கம் உண்டு. ஒல்லாந்துக் காற்றோ போகும்போதும் எதிரே வீசுகிறது, திரும்பும்போதும் எதிரே வீசுகிறது. புதன்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடம் கிடையாது. அன்று நாமும் கயல்விழியும் ஆளுக்கொரு சைக்கிளில் பழைய ஏரிக்கரை வரையில் போய்வருவோம். அங்கேதான் அந்த அதிசயத்தைக் கண்டோம். சுற்றுக் கால்வாயின் தண்ணீர் உயரத்தில் இருக்கிறது. வயலும் வீடும் பள்ளத்தில் இருக்கின்றன. கரைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், வீட்டுக் கூரைகளுக்கு மேலே படகு போகிறது! கயல்விழி கை தட்டினாள். நாமோ கரையில் எங்கேயாவது ஈரக் கசிவு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றோம்.

கரையோரத்தில் க்ரூக்கியஸ் என்ற நீரிறைக்கும் நிலையம் இருக்கிறது. ஏரியை வற்றச் செய்த மூன்றில் ஒன்று. 1933-ல் ஓய்வு பெற்று இப்பொழுது காட்சிசாலையாக இருக்கிறது. அதன் நீராவி உருளையின் குறுக்களவு 144 அங்குலம். அதாவது பன்னிரண்டு அடி. அதற்குள் எங்கள் சமையலறையை வைத்துவிடலாம்.

இந்தக் கரைகளையும் இயந்திரங்களையும் பாதுகாப்பது யார்? அதற்கென்று நீர்வாரியங்கள் இருக்கின்றன. எங்கள் பகுதியின் ரைன்லாந்து வாரியம் 13-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. அரசர்கள் மாறினார்கள், அந்நிய ஆட்சி வந்தது, போயிற்று, வாரியம் மட்டும் கரையைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அதன் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கத் தேர்தல் உண்டு. தனி வரியும் உண்டு. எங்கள் தபால் பெட்டியிலும் வரிச் சீட்டு வந்து விழுந்தது. நம் முன்னோர்கள் குடிமராமத்து என்று ஊர் கூடிக் குளத்தையும் வாய்க்காலையும் பராமரித்தார்களே, அந்த முறை இடையில் அறுந்து போகாமல் வளர்ந்திருந்தால் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று எண்ணிக்கொண்டு, முணுமுணுக்காமல் பணத்தைக் கட்டினோம்.

இவ்வளவும் பார்த்த பிறகும் உள்ளங்கை வேர்ப்பது நிற்கவில்லை. முதல் கோடையில் ஸாண்ட்வோர்ட் கடற்கரைக்குப் போனபோது, தாயும் மகளும் அலையில் கால் நனைத்தார்கள். நாம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தோம்.

அதே கோடையில், 2017-ல், கயல்விழியின் வகுப்புத் தோழி ஒருத்தியின் பிறந்தநாளுக்கு அழைப்பு வந்தது. கொண்டாட்டம் ஒரு நீச்சல் குளத்தில். அழைப்பின் அடியில், "உங்கள் குழந்தையிடம் நீச்சல் சான்றிதழ் இருக்கிறதா?" என்று ஒரு கேள்வி. விசாரித்தோம். அந்த நாட்டில் குழந்தைகள் ஐந்தாறு வயதில் நீச்சல் கற்றுத் தேர்வு எழுதுகிறார்கள், இல்லை, நீந்துகிறார்கள். அந்த வகுப்பில் சான்றிதழ் இல்லாதவள் எங்கள் பெண் ஒருத்திதான். பெயரிலேயே கயல் மீனை வைத்துக்கொண்டு நீந்தத் தெரியாதவள்!

"போக வேண்டாம்" என்றோம்.

"நீச்சல் கத்துக்கறேன் அப்பா."

"அதுவும் வேண்டாம்."

அன்றிரவு அவள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். நம் சகதர்மிணி நம்மிடம் கோபித்துக்கொள்ளவில்லை. அவளுக்குக் காரணம் தெரியும்.

2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ந்தேதி, ஞாயிற்றுக்கிழமை. நமக்கு அப்போது இருபத்தைந்து வயது; வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம். காலையில் காய்கறி வாங்கப் பையோடு கடைத்தெருவில் நின்றுகொண்டிருந்தோம். கடற்கரைப் பக்கத்திலிருந்து ஜனங்கள் ஓடி வந்தார்கள். முதலில் ஏதோ சண்டை என்று நினைத்தோம். அன்று எங்கள் ஜில்லாவில் மட்டும் 6,000 பேருக்குமேல் மாண்டார்கள் என்பதைப் பத்திரிகைகளில் எல்லோரும் படித்தார்கள். அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்தபோது, வழக்கம்போல் வருகைப் பதிவேட்டை எடுத்து வாசித்தோம். நான்கு பெயர்களுக்குப் பதில் வரவில்லை. முதல் பெயரை வாசித்துவிட்டுப் பழக்கத்தினால் நிமிர்ந்து பார்த்தோம். வகுப்பு முழுவதும் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு நாம் எங்கள் ஊர்க் கடற்கரைக்குப் போனதில்லை.

எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு மூதாட்டி தனியாக வசித்தார். எழுபத்து மூன்று வயதிலும் சைக்கிளில் கடைக்குப் போய் வருவார். கயல்விழியின் வாடிய முகத்தை ஜன்னல் வழியே பார்த்திருக்க வேண்டும். மறுநாள் எங்களைக் காப்பிக்கு அழைத்தார். டப்பா திறக்கப்பட்டு, பிஸ்கோத்து கொடுக்கப்பட்டு, மூடப்பட்ட பிறகு, "உங்கள் ஊர் கடற்கரையில்தானே இருக்கிறது? குழந்தைக்கு ஏன் நீந்தத் தெரியவில்லை?" என்று நேராகவே கேட்டார். மறைத்துப் பேசும் வழக்கம் அந்த ஜனங்களிடம் கிடையாது. நாம் சொன்னோம். பதிவேட்டைப் பற்றியும் சொன்னோம். தாய்மொழியில் யாரிடமும் சொல்லாததை அந்நிய மொழியில் சொல்வது சற்றுச் சுலபமாக இருந்தது.

அந்த அம்மாள் கோப்பையைக் கீழே வைத்தார். "எங்களுடையதும் ஞாயிற்றுக்கிழமைதான்" என்றார்.

1953-ஆம் வருஷம் ஜனவரி 31-ந்தேதி இரவில் வடமேற்கிலிருந்து பெரும் புயல் அடித்தது. கடலும் அப்போது பெருக்கில் இருந்தது. விடிந்தால் பிப்ரவரி முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை. தென்மேற்கிலுள்ள ஸீலாந்து மாகாணத்தில் கரைகள் உடைந்தன. ஹாலந்தில் மாண்டவர்கள் 1,836 பேர். அந்த மாகாணத்துக் கிராமம் ஒன்றில் இந்த அம்மாள் அப்பொழுது ஒன்பது வயதுச் சிறுமி. "நாங்கள் பரண்மேல் ஏறிவிட்டோம். அண்ணன் மட்டும் ஆட்டை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று இறங்கினான். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது" என்றார்.

சற்று நேரம் கழித்து, "நீச்சல் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று கேட்காதீர்கள். அந்தத் தண்ணீரில் யார் நீந்துவது? ஆனால் என் அம்மா அடுத்த கோடையிலேயே எங்களை நீச்சல் கற்கச் சேர்த்தாள். அவள் கரையில் நின்று அழுதாள். ஆனாலும் சேர்த்தாள்" என்றார்.

அவ்வளவுதான். உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. வாசல் வரையில் வந்து, கயல்விழிக்கு மட்டும் இரண்டாவது பிஸ்கோத்து ஒன்று கொடுத்தார். அந்தத் தேசத்தில் அது சாதாரண விஷயமல்ல என்பது வாசகர்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும்.

அடுத்த மாதம் கயல்விழி நீச்சல் வகுப்பில் சேர்ந்தாள். வாரம் ஒரு நாள். பெற்றோர்கள் குளத்தருகே போகக் கூடாது. கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆரம்பத்தில் நாம் சுவரைப் பார்க்காமல் காப்பிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு ஒரு கண்ணால் பார்த்தோம். குளிர்காலம் வந்தது. காலை எட்டரை மணிக்குமேல்தான் விடியும். மாலை நாலரைக்கு இருட்டிவிடும். அந்த இருட்டிலும் காற்றிலும் சைக்கிள் மிதித்துக்கொண்டு, ஈரத் தலையோடு குழந்தையை அழைத்துக்கொண்டு திரும்புவோம். "தலைக்குத் தைலம் தேய்ச்சியா?" என்று அம்மா கேட்பாள். எதற்காகத் தலை ஈரமாயிற்று என்பதை மட்டும் நாங்கள் அவளிடம் சொல்லவில்லை.

2018 ஜூன் மாதத்தில் தேர்வு நடந்தது. நீச்சல் உடையில் நீந்தினால் மட்டும் போதாது. சட்டை, கால்சட்டை, காலில் ஜோடு எல்லாவற்றுடனும் தண்ணீரில் குதிக்க வேண்டும். கால்வாயில் தவறி விழுகிறவன் உடை மாற்றிக்கொண்டா விழுகிறான்? தண்ணீருக்குள் ஒரு திரை தொங்குகிறது. அதில் ஒரு துவாரம். குழந்தை மூழ்கிப்போய் அதன் வழியாக மறுபுறம் வர வேண்டும். அன்று மட்டும் பெற்றோரைக் குளத்தருகே விட்டார்கள். எங்கள் பெண் குதித்தாள். தலை மறைந்தது. நாம் எழுந்து நின்றுவிட்டோம். மனத்துக்குள் எண்ணத் தொடங்கினோம். ஐந்து எண்ணுவதற்குள் திரைக்கு அந்தப் பக்கத்தில் தலை தெரிந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு அவள் முதலில் நம்மைத்தான் தேடினாள். பக்கத்தில் எதிர்வீட்டு அம்மாள் நின்றுகொண்டிருந்தார். அவரும் எண்ணிக்கொண்டிருந்தார் என்பது அவருடைய உதடுகளிலிருந்து தெரிந்தது.

அந்தக் கோடையில் ஒரு வாடகை மோட்டாரில் அவரையும் அழைத்துக்கொண்டு ஸீலாந்துக்குப் போனோம். 1953-க்குப் பிறகு அங்கே கழிமுகங்களின் குறுக்கே பெரிய அணைகள் கட்டினார்கள். கிழக்கு ஸ்கெல்ட் என்னும் கழிமுகத்தையும் முழுவதும் அடைத்துவிடுவதென்றுதான் முதலில் திட்டம். மீனவர்களும் இயற்கையில் அக்கறை உள்ளவர்களும் எதிர்த்தார்கள். கடலை அடைத்துவிட்டால் மீனும் சிப்பியும் எங்கே போகும், நாங்கள் எப்படிப் பிழைப்பது என்று கேட்டார்கள். அரசாங்கத்தார் யோசித்துத் திட்டத்தை மாற்றினார்கள். 65 தூண்கள், அவற்றிடையே 62 எஃகுக் கதவுகள், 1986-ல் திறப்புவிழா. சாதாரண நாளில் கதவுகள் மேலே தூக்கியே இருக்கும். கடல் தினம் உள்ளே வந்து போகும். அபாயமான புயல் வரும்போது மட்டும் கதவுகள் இறங்கும். சராசரியாக வருஷத்துக்கு ஒரு முறை என்று சொன்னார்கள்.

தூண்களுக்கிடையே கடல் சீறிக்கொண்டு உள்ளே நுழைவதை நாம் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றைக்குத்தான் கடலை நேருக்கு நேராகப் பார்த்தோம். பதிமூன்று வருஷமாக நாம் எல்லாக் கதவுகளையும் இறக்கி வைத்துக்கொண்டல்லவா உட்கார்ந்திருந்தோம்! குழந்தையையும் அதற்குள்ளேயே வைத்துப் பூட்டப் பார்த்தோம். எதிர்வீட்டு அம்மாள் ஒன்றும் பேசாமல் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நின்றார். கயல்விழி பையிலிருந்து ரொட்டியை எடுத்து எல்லோருக்கும் பங்கிட்டாள்.

2019-ல் ஊர் திரும்பினோம். புறப்படும் நாளன்று அந்த அம்மாள் தம் வீட்டு அட்டவணையில் கயல்விழியின் பிறந்தநாளைக் குறித்துக்கொண்டார். அட்டவணை எங்கே மாட்டியிருந்தது என்பதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. இன்றளவும் அந்தத் தேதியில் வாழ்த்து வராமல் இருந்ததில்லை.

நாகைக்கு வந்த நாலாம் நாள் கயல்விழி, "பாட்டி, கடற்கரைக்குப் போகலாமா?" என்று கேட்டாள். அம்மா நம் முகத்தைப் பார்த்தாள். நாம், "போகலாம் அம்மா, நீயும் வா" என்றோம். நான்கு பேரும் நடந்தே போனோம். மாலை வேளை. மீன்பிடி படகுகள் கரையேறியிருந்தன. எங்கள் கடல் குளம் அல்ல, நீந்துவதற்கு ஏற்றதும் அல்ல என்று பெண்ணுக்கு முன்பே சொல்லியிருந்தோம். கணுக்கால் வரையில்தான் என்பது ஒப்பந்தம்.

நாம் செருப்பைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு இறங்கினோம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. வட கடலின் குளிர்ந்த தண்ணீரையே அறிந்த கயல்விழி, "வெந்நீர் மாதிரி இருக்கே அப்பா!" என்று கூவினாள். பதிவேட்டில் இருந்த அந்த நான்கு பெயர்களையும் வரிசைப்படி மனத்துக்குள் ஒரு முறை வாசித்தோம். அலை ஒன்று வந்து முழங்கால் வரையில் நனைத்துவிட்டுப் போயிற்று.

"போதும், கரைக்கு வாடா தம்பி!" என்று அம்மா குரல் கொடுத்தாள். திரும்பிப் பார்த்தோம். ஒரு கையில் எங்கள் எல்லோருடைய செருப்புகளும், மற்றொரு கையில் புடவைக் கொசுவமுமாக, அவளும் நுரை தொடும் இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.